மூடுபனிக்கு ஒரு பதிப்புரை

லண்டன் மாநகரில் இயங்கும் 4ஏடி என்னும் இசைத்தட்டு நிறுவனம் 1986 நவம்பர் 10ஆம் தேதி வெளியிட்ட 'தி மூன் அண்ட் தி மெலடீஸ்' என்னும் ஆல்பம், ஏறக்குறைய 38 ஆண்டுகள் வினைல் வடிவில் மறுபதிப்புக் காணாமலே இருந்துவிட்டு, 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி, அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராபின் கத்ரியே மூல ஒலிநாடாக்களிலிருந்து புதிதாக மாஸ்டர் செய்துகொடுக்க, மீண்டும் தட்டாக வெளிவந்தது. பழைய சங்கீதம் புதிய தட்டில் வருவது இக்காலத்தில் வாரந்தோறும் நிகழும் வியாபாரச் செய்தியாதலால், இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த ஆல்பத்தின் சங்கீதம் தெளிவின்மையையே தன் அழகாகக் கொண்டது. ரீமாஸ்டர் என்னும் தொழிலோ தெளிவைத் தருவதாக வாக்களித்தே விலைபோவது. இவ்விரண்டும் ஒரே தட்டில் சந்திக்கும்போது, எதைத் துடைப்பது, எதைத் துடைக்காமல் விடுவது, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருடையது என்னும் கேள்விகள், மற்றத் தட்டுகளில் மறைந்து கிடப்பவை, இங்கே வெளிப்படையாக எழுந்து நிற்கின்றன.

முதலில் மனிதர்களைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்பட்ட கிரேஞ்ச்மவுத் என்னும் ஊரில் 1979ஆம் ஆண்டு தோன்றிய காக்டோ ட்வின்ஸ் குழுவினர் ராபின் கத்ரி, எலிசபெத் ஃபிரேசர் ஆகிய இருவரும். 1983ஆம் ஆண்டில் அவர்களோடு சேர்ந்த சைமன் ரேமண்ட், 1960களின் ஆங்கில ஜனரஞ்சகப் பாடல்களுக்கு வாத்திய அமைப்புச் செய்து புகழ்பெற்ற ஐவர் ரேமண்டின் புதல்வர். இம்மூவரும் 1986இல் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர்கள். நான்காமவரான ஹாரல்ட் பட் அப்போது ஐம்பது வயதை எட்டியிருந்த அமெரிக்கர். லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, மொஹாவே பாலைவனத்தின் விளிம்பிலுள்ள விக்டர்வில் என்னும் ஊரில் வளர்ந்து, ராணுவத்தில் இருந்த நாட்களில் பிற்காலத்து ஜாஸ் மேதை ஆல்பர்ட் ஐலருடன் ஒரே பாண்டு குழுவில் டிரம் வாசித்து, பின்பு கலிபோர்னியக் கலைக் கழகத்தில் ஆசிரியராக விளங்கி, பிரையன் ஈனோவுடன் 1980இல் 'தி பிளாட்டோ ஆஃப் மிரர்', 1984இல் 'தி பேர்ல்' ஆகிய ஆல்பங்களைச் செய்தவர். 'ஆம்பியன்ட்' என்று உலகம் அழைத்த சங்கீதத்தின் தலைமக்களுள் ஒருவராக அவரை எல்லாரும் எண்ணினர். அவருக்கோ அந்தப் பட்டம் ஒருபோதும் பிடித்ததில்லை.

இவ்வளவு தூரத்திலுள்ள இரு உலகங்களை ஒன்றுசேர்த்தது, விந்தையாக, ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் யோசனை. வெவ்வேறு வகைச் சங்கீதக்காரர்களை ஒரே அறையில் கூட்டிவைத்து அவர்கள் சேர்ந்து இசையமைப்பதைப் படமாக்க வேண்டும் என்று பிரிட்டனின் சானல் 4 விரும்பியது. படம் கைகூடவில்லை; சங்கீதம் மட்டும் பிழைத்துக்கொண்டது. வெளிவந்தபோது அதை காக்டோ ட்வின்ஸ் ஆல்பம் என்று அழைக்காமல், நால்வர் பெயரையும் தனித்தனியே அச்சிட்டார்கள். இது வெறும் பண்பாடு மட்டுமன்று என்பது எனது அபிப்பிராயம். யாருடைய சொத்து என்று வகுக்க முடியாத ஒரு நாதத்துக்குத் தலைப்பெழுத்து இடாமல் விட்ட நேர்மையும் அதில் இருக்கிறது.

'காதிக்' என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் அக்காலத்தில் ஒரு சேர வகைப்படுத்திய சங்கீதத்தோடு இக்குழுவுக்கு இருந்த உறவு, பிறந்த வீட்டோடு இருந்த உறவுதான். 4ஏடி நிறுவனம் 1980இல் பௌஹவுஸ் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஸூஸி அண்ட் தி பன்ஷீஸ் குழுவின்மேல் ஃபிரேசருக்கு இருந்த பக்தி பிரசித்தமானது. காக்டோ ட்வின்ஸ் 1982இல் வெளியிட்ட 'கார்லண்ட்ஸ்' இருளும் அச்சமும் கவிந்த ஆல்பமே. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த இருளிலிருந்து அச்சம் விலகி, விசாலம் மட்டும் மிஞ்சியது. 1986 வசந்த காலத்தில் வந்த 'விக்டோரியாலாண்ட்', ரேமண்ட் வேறொரு ஆல்பத்துக்காகப் போயிருந்தபடியால் பேஸ் கித்தாரும், பெரும்பாலும் தாளமும் இன்றி, கித்தார்களும் குரலும் மட்டுமே மிதக்கும் வேலைப்பாடு. அதில் ரிச்சர்ட் தாமஸ் என்பவர் சாக்ஸபோனோடு தபலாவும் வாசித்திருக்கிறார் என்பது நம்மவர் காதுக்கு ஒரு சிறு ஆச்சரியம். அதே தாமஸின் சாக்ஸபோன் சில மாதங்களுக்குப் பின் பட்டுடன் செய்த ஆல்பத்திலும் கேட்கிறது.

அந்த ஆல்பத்தில் மொத்தம் 8 உருப்படிகள், சுமார் 37 நிமிஷங்கள். நான்கில் ஃபிரேசர் பாடுகிறார். மற்ற நான்கும் வாத்திய இசை. பட்டின் பியானோ ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொட்டுவிட்டு அது தானாக மறையும்வரை காத்திருக்கும் இயல்புடையது. கத்ரியின் கித்தாரோ, ஒரு தந்தியின் ஒலியைப் பல கருவிகளின் வழியே செலுத்தி, பன்மடங்காக்கி, தாமதப்படுத்தி, எதிர்முழக்கத்தில் முழுக்கியெடுத்து, எங்கே தொடங்கியது என்று சொல்லமுடியாத ஒரு பரப்பாக விரிப்பது. இவ்விரண்டுக்கும் நடுவே ஃபிரேசரின் குரல், சொற்களின் பொருளைக் கேட்பவர் பற்றிக்கொள்ள விடாமல், சொல்லின் ஓசையை மட்டும் ஆபரணமாக அணிந்து செல்கிறது. சாதாரணப் பாட்டில் எதிர்முழக்கம் என்பது பாட்டின்மேல் இடப்படும் பூச்சு. இங்கே பூச்சைச் சுரண்டினால் கீழே சுவர் இல்லை. ரீமாஸ்டர் விஷயத்தில் இந்த ஆல்பம் தனித்து நிற்பது இதனால்தான்.

ரீமாஸ்டர் செய்வது வேறு, ரீமிக்ஸ் செய்வது வேறு என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனித் தடங்களில் பதிவாகியிருக்கும் நாடாவைக் கையிலெடுத்து, அவற்றின் ஏற்ற இறக்கங்களை மறுபடியும் அமைப்பது ரீமிக்ஸ். அவ்வாறு அமைத்து முடித்து, இடது வலது என்னும் இரண்டே வழிகளில் அடங்கிய நாடாவிலிருந்து, தட்டுக்கோ குறுந்தகட்டுக்கோ ஏற்ற இறுதிப் பிரதியைத் தயாரிப்பதே மாஸ்டரிங். ஆகவே ரீமாஸ்டர் செய்பவரால் குரலை மட்டும் தனியே தூக்கவோ பியானோவை மட்டும் தணிக்கவோ நேரடியாக முடியாது. கட்டி முடித்த மாலையை முழுதாகத்தான் அவர் கையாள முடியும். எனினும் அவர் கைக்கு அதிகாரம் குறைவு என்று எண்ணிவிடலாகாது. மனிதக் குரலின் மெய்யெழுத்துகள் துலங்கும் அதிர்வெண்களைச் சிறிது உயர்த்தினால், ஃபிரேசர் விழுங்கி மறைத்த ஓசைகள் பல் முளைத்து முன்னே வந்து நிற்கும். வேறொரு பாடகியின் தட்டில் இதை உபகாரம் என்று கொண்டாடுவார்கள். இங்கே அது அபசாரம்.

மூல நாடா என்பதும் நாம் கற்பனை செய்வதுபோல் மாறாத பொருள் அன்று. காந்தத் துகள்களை ஒரு பசையால் பிளாஸ்டிக் நாடாவின்மேல் ஒட்டிவைத்த சாதனம் அது. 1970களிலும் 80களிலும் செய்த பலவகை நாடாக்களின் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போவதால், அவற்றை 54 டிகிரி செல்சியஸ் அளவிலான மெல்லிய வெப்பத்தில் பல மணி நேரம் வாட்டியெடுத்த பிறகே இயக்க முடிகிறது. அதுவும் தற்காலிகச் சிகிச்சைதான். இதைவிடச் சூட்சுமமான சேதம் ஒன்று உண்டு. சுருளாகச் சுற்றிவைத்த நாடாவில் ஓர் அடுக்கின் காந்தம் அடுத்த அடுக்கின்மேல் மெல்லப் படிந்துவிடுவதால், பலமான ஒரு ஒலிக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ அதன் மங்கிய நிழல் ஒன்று கேட்கத் தொடங்கும். இரைச்சல் மிகுந்த பாட்டில் அது தெரியாது. பட்டின் பியானோவைச் சூழ்ந்த மௌனத்தில் அது தெரியும். வினைல் தட்டிலும் இதன் சகோதரன் ஒருவன் இருக்கிறான்: அருகருகே செதுக்கிய வரிப்பள்ளங்களில் ஒன்றின் பலமான அசைவு பக்கத்துப் பள்ளத்தின் சுவரைச் சற்றே வளைத்துவிடுவதால், அங்கும் ஒரு முன்னெதிரொலி பிறக்கிறது.

எனவே, எதிரொலிகளாலேயே நெய்த இந்தச் சங்கீதத்தில், மூன்று வகை எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று கலைஞன் விரும்பி வைத்தது. மற்றொன்று நாடாவைச் சுற்றி அலமாரியில் வைத்த காலம் வைத்தது. மூன்றாவது 1986இல் தட்டுச் செதுக்கிய எந்திரம் வைத்தது. முதலாவதைத் தொடாமல் இரண்டாவதைக் குறைப்பது சிலவேளைகளில் கைகூடும், சிலவேளைகளில் கைகூடாது. மூன்றாவதோ பழைய தட்டிலேயே தங்கிவிட்டது. புதிய தட்டு தனக்கென வேறொன்றைப் பெற்றுக்கொள்ளும். பழைய தட்டைப் பல்லாண்டுகள் கேட்டுப் பழகிய ரசிகனுக்கு இம்மூன்றும் சேர்ந்ததே 'அந்த ஆல்பம்'. அவன் காதிலிருந்து இரண்டாவதையும் மூன்றாவதையும் கழித்துவிட்டு, இதுவே அசல் என்று நீட்டினால், அவன் எதையோ இழந்ததாக முறையிடுவதில் அநியாயம் ஏதுமில்லை.

இனி வினைல் தட்டின் இயல்பு. நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுகள் சுழலும் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசியின் கீழ் பள்ளம் வினாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மையத்தை நெருங்க நெருங்க அவ்வேகம் குறைந்து, உள்வட்டத்தில் 21 சென்டிமீட்டராகிவிடுகிறது. அதே ஒரு வினாடி சங்கீதம் பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்படுவதால், உச்ச ஸ்தாயி ஒலிகள் அங்கே கலங்கும். 'விக்டோரியாலாண்ட்' ஆல்பத்தை 45 சுற்று வேகத்தில் வெளியிட்டதன் பயன் இதிலிருந்து விளங்கும். பக்கத்துக்குச் சுமார் 16 நிமிஷங்களே உடைய அதற்கு அந்தச் சொகுசு கிடைத்தது. 'தி மூன் அண்ட் தி மெலடீஸ்' பக்கத்துக்கு 18, 19 நிமிஷங்கள் ஓடுவது. அதன் கடைசி உருப்படியான 'ஊஸ் அவுட் அண்ட் அவே, ஒன்ஹவ்' அடக்கமாகத் தொடங்கி, முடிவை நோக்கிக் குரலும் கித்தாரும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கேறிப் பெருகுவது. அதாவது, ஆல்பத்தின் மிக அடர்த்தியான கட்டம், தட்டின் மிக வசதிகுறைந்த இடத்துக்கு அருகில் வந்து விழுகிறது. செதுக்குபவர் ஒலியளவைக் குறைத்தால் மௌனப் பகுதிகளில் தட்டின் கரகரப்பு மேலோங்கும்; கூட்டினால் இந்த முடிவு சிதறும். இதற்குச் சாஸ்திரம் சொல்லும் ஒரே விடை கிடையாது.

மற்றொரு நெருக்கடி ஸ்டீரியோ அமைப்பில் இருக்கிறது. இடது வலது இரண்டுக்கும் பொதுவான ஒலி ஊசியைப் பக்கவாட்டில் அசைக்கும். இரண்டிலும் மாறுபட்டு நிற்கும் ஒலி ஊசியை மேலும் கீழுமாக அசைக்கும். கத்ரியின் கித்தார் பரப்பு அகன்று தோன்றுவதே இரு பக்கங்களும் ஓயாமல் மாறுபட்டுக்கொண்டிருப்பதால்தான். அந்த மாறுபாடு கீழ்ஸ்தாயியிலும் அதிகமாக இருந்தால் பள்ளம் சில இடங்களில் மிக ஆழ்ந்தும் சில இடங்களில் மறைந்தும்போய், ஊசி தாவிவிடும் என்பதற்காக, தட்டுச் செதுக்குபவர்கள் கீழ்ஸ்தாயியை நடுவுக்குக் கொண்டுவந்து ஒடுக்குவது வழக்கம். அதோடு, 1950களின் நடுவிலிருந்து நிலைத்துவிட்ட நியமப்படி, செதுக்கும்போது கீழ்ஸ்தாயியை ஏறக்குறைய 20 டெசிபல் வரை தாழ்த்தி, மேல்ஸ்தாயியை அவ்வளவே உயர்த்தி, வாசிக்கும் கருவியில் அதைத் தலைகீழாக்கிச் சமன்செய்கிறார்கள். தட்டில் இருப்பது நாடாவில் இருந்ததன் நகல் அன்று, ஒரு பெயர்ப்பு என்று சொல்வது இதனால்தான்.

வினைல் மோகம் இன்று எந்த அளவில் இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போதும்: 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகளும் 3 கோடியே 30 லட்சம் குறுந்தகடுகளும் விற்றன, 1987க்குப் பிறகு தட்டு குறுந்தகட்டை எண்ணிக்கையில் முந்தியது அப்போதுதான். இவ்வளவு பெரிய சந்தை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2020 பிப்ரவரி 6ஆம் தேதி கலிபோர்னியாவின் பானிங் நகரில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்தபோது உலகம் உணர்ந்தது. அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய, முதற்செதுக்கலுக்குப் பெரும்பாலும் பயன்படும் லாக்கர் தட்டுகளைச் செய்த நிறுவனங்கள் உலகிலேயே இரண்டுதான், அவற்றில் அது ஒன்று. எஞ்சியது ஜப்பானில் ஒன்று.

இந்த மோகத்தோடு கூடவே 'அனலாக்' என்னும் சொல்லுக்கு ஒரு தெய்வீக மதிப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. நாடாவிலிருந்து தட்டுவரை டிஜிட்டல் தீண்டாமல் வந்தது என்றால் விலை ஏறுகிறது. 2022 ஜூலையில், இவ்வகை மறுபதிப்புகளுக்குப் பேர்பெற்ற மொபைல் ஃபிடலிட்டி நிறுவனத்தின் பொறியாளர்கள், தங்கள் தட்டுகள் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் கட்டம் உண்டு என்று ஒப்புக்கொண்டபோது, அதே தட்டுகளை அனலாக்கின் உயிர்த்துடிப்புக்கு உதாரணமாகக் காட்டிவந்த காதுகள் பெரும் சங்கடத்துக்குள்ளாயின. அந்நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டிஜிட்டல் கட்டத்தைவிடச் சங்கீதத்துக்கு அதிகத் தீங்கு செய்தது, 1990களிலும் அதன் பின்னரும் பரவிய, எல்லாவற்றையும் உரக்க ஒலிக்கச்செய்யும் பழக்கமே. உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் அந்த வித்தை, எதிர்முழக்கம் மறையும் வாலைப் பிடித்து மேலே இழுத்துவிடுகிறது. மெல்ல அடங்க வேண்டிய ஒலி அடங்க மறுத்து நிற்கும்போது, பட்டின் பியானோவில் காத்திருத்தல் என்பதே இல்லாமற்போகிறது.

இவ்வளவு இடர்களும் சூழ்ந்த வேலையை மூல ஆசிரியருள் ஒருவரே செய்தார் என்பது இந்த மறுபதிப்பின் விசேஷம். கத்ரி இதற்குப் புதியவரல்லர். 2003இலேயே தம் குழுவின் ஆல்பங்களைக் குறுந்தகடுகளுக்காக ரீமாஸ்டர் செய்தவர். பட்டுடன் அவருக்கிருந்த நட்பும் 1986உடன் முடிந்துவிடவில்லை. 2007இல் இருவரும் சேர்ந்து செய்த இரண்டு ஆல்பங்கள் வந்தன. இருவரும் செய்த 'அனதர் ஃபிளவர்' 2020 டிசம்பர் தொடக்கத்தில் வெளியாகி, சில நாட்களிலேயே, அம்மாதம் 8ஆம் தேதி, கோவிட் நோயின் விளைவாகப் பட் காலமானார். அந்தப் பியானோவை எப்படிக் கேட்க வேண்டும் என்று அறிந்தவர்களுள் கத்ரிக்கு மேற்பட்டவர் இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் ஆசிரியனே திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் எனக்கு முழுச் சம்மதமானதன்று. 24 வயதில் நாடாவில் பதித்தவனும் 62 வயதில் அதைத் திறந்து கேட்பவனும் பெயரால் மட்டுமே ஒருவர். இடையில் அவருடைய காது, கருவி, ரசனை எல்லாம் மாறியிருக்கின்றன. கவிஞன் முதுமையில் தன் இளமைக் கவிதையைத் திருத்தி வெளியிட்டால், அந்தத் திருத்தத்தை மதிக்கிறோம். ஆனால் முதற்பதிப்பை எரித்துவிடுவதில்லை. மேலும் இங்கே ஆசிரியர் நால்வர். அவர்களில் ஒருவர் காலமாகிவிட்டபின், மற்றொருவர் செய்யும் மாஸ்டர் எவ்வளவு அன்போடு செய்யப்பட்டாலும் அது உரைதான், மூலம் ஆகாது. நல்ல உரை என்பதில் மட்டும் ஐயமில்லை.

மூலம் என்று ஒன்று இருந்ததா என்பதுகூட இந்த ஆல்பத்தில் கேள்விக்குரியதே. அதன் இரண்டாவது உருப்படியான 'மெமரி காங்ஸ்' இசையையே, வேறொரு வடிவில், 'ஃபிளவர்ட் நைஃப் ஷேடோஸ்' என்னும் வேறு தலைப்பிட்டு, ரேமண்டுக்குச் சமர்ப்பணமாக, அதே 1986ஆம் ஆண்டில் வந்த தம்முடைய 'லவ்லி தண்டர்' ஆல்பத்தில் பட் சேர்த்துக்கொண்டார். ஆகப் பிறந்த ஆண்டிலேயே அதற்குப் பாடபேதம் இருந்தது. எதைப் பிழைபட்ட பாடம் என்று தள்ளுவது? நான் இரண்டையும் வைத்துக்கொள்வேன். 1986 தட்டையும் 2024 தட்டையும் வைத்துக்கொள்வதுபோலவே.

இளம் ரசிகர்கள் இந்த விவாதங்களுக்கு வெளியே இருக்கிறார்கள். முதல் உருப்படியான 'சீ, ஸ்வாலோ மீ' கைப்பேசியில் ஓடும் குறும்படங்களின் வழியே அண்மைக் காலத்தில் ஒரு புதிய தலைமுறையைச் சென்றடைந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதை முதன்முதலில் கேட்டது உள்ளங்கையகலக் கருவியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில். அவர்கள் தேடி வந்து தட்டு வாங்குவார்களானால், அவர்களுக்கு அதுவே மூலம். அதற்கு முந்திய தட்டு ஒன்று வேறுவிதமாக ஒலித்தது என்பதை யாராவது சொன்னால் ஒழியத் தெரியாது.

சொல்ல வேண்டியவர்கள் வெளியீட்டாளர்கள். பழைய ஏட்டைப் பதிப்பிக்கும் அறிஞன், எந்தப் பிரதிகளைப் பார்த்தேன், எங்கே சிதைவு இருந்தது, எங்கே என் ஊகத்தால் நிரப்பினேன் என்று பதிப்புரையில் எழுதுவது கடமையென்று கருதப்படுகிறது. இசைத்தட்டு வியாபாரத்தில் 'மூல நாடாக்களிலிருந்து' என்னும் ஒரே தொடரோடு அக்கடமை தீர்ந்துவிடுவதாக நினைக்கிறார்கள். எந்த நாடா, அது முதல் நாடாவா அதன் பிரதியா, அதை வாட்ட வேண்டியிருந்ததா, இடையில் டிஜிட்டலாக மாற்றினார்களா, மாற்றினார்களென்றால் எந்த அளவில், கீழ்ஸ்தாயியை எங்கே ஒடுக்கினார்கள், தட்டைச் செதுக்கியவர் யார் என்பதெல்லாம் வாங்குபவன் அறிய வேண்டிய விஷயங்கள். இவ்வளவும் ஆறேழு வரிகளில் அடங்கிவிடும். அட்டையோ 12 அங்குல அகலம்.